தீர்ப்புக்கு முந்திய நிமிடம்

"பொறுங்கோ! நிப்பாட்டாதேங்கோ!"

இன்பமலர் அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடிவந்து சேருவதற்குள் கிறிஸ்தோபர் ரிமோட்டை அமர்த்திவிட்டார். திரையில் நீதிபதி அப்படியே உறைந்துபோனார். அறுபத்தைந்து அங்குல ரீவியில், கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப்பட்டியுமாக, தீர்ப்புச் சொல்ல வாயைத் திறந்தபடி.

"ஏனப்பா நிப்பாட்டினீங்கள்?"

"கறுப்பு எவ்வளவு கறுப்பாத் தெரியுதெண்டு பாக்கிறன், மலர்."

"பத்து நாளா அந்த மனிசன் வாயைத் திறந்துகொண்டு நிக்குது. வாய் உளையாதோ அவருக்கு?"

"நான் படம் பாக்கேல்ல. பரிசோதனை செய்யிறன். ரெண்டும் வேற."

"எனக்கு ஒண்டுதான். அந்தத் தாதி தப்பினவளோ இல்லையோ? அதைச் சொல்லுங்கோ."

"அது எனக்குத் தேவையில்லாத விசயம்" என்றார் கிறிஸ்தோபர். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்து, நீதிபதியின் கைமடிப்புக்குள் எதையோ தேடத் தொடங்கினார். பிறகு கொப்பியில் ஒரு வரி எழுதினார். இன்பமலர் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும், "நிபந்தனையுடன் திருப்தி" என்றுதான் இருக்கும்.

முப்பத்திநாலு வருசம் துறைமுகத்தில் கிறேன் பரிசோதகராக இருந்த மனுசன். அவர் கையெழுத்து வைத்த கிறேன் ஒன்றும் ஒரு நாளும் விழுந்ததில்லை. அதை இன்பமலர் எங்கேயும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவாள். ஆனால் ஓய்வு பெற்ற பிறகு அந்தக் கண் துறைமுகத்தோடு நிற்காமல் வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. பிரஷர் குக்கர் வாங்கி மூன்று வாரம் சமைக்க விடவில்லை. மகள் லதுஷாவுக்கு வந்த மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டபோதும் "இப்போதைக்குப் பிழையில்லை" என்றுதான் சொன்னார். இப்போது அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். இன்னும் அவர் வாயிலிருந்து "நல்லவன்" என்று ஒரு சொல் வரவில்லை.

இந்த அல்ட்ரா எச்.டி. டிஸ்க் பிளேயரைக் கொண்டுவந்தவன் ஜக்சன், இன்பமலரின் அக்கா மகன். கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்து நிலாவெளியில் நிற்கிறான். சித்தப்பா பெரிய ரீவியும் சுற்றிவர ஐந்து ஸ்பீக்கரும் பூட்டி வைத்திருக்கிறார், அதற்கு ஏற்ற பிளேயர்தான் இல்லை என்று கேள்விப்பட்டு, ஒரு பெட்டியையும் ஒரேயொரு டிஸ்க்கையும் சுமந்து வந்திருந்தான்.

"முப்பது நாளைக்குள்ள கடையில திருப்பிக் குடுக்கலாம், சித்தப்பா. பிடிச்சா வைச்சிருங்கோ. பிடிக்காட்டி நான் போகேக்க கொண்டு போறன்" என்றான் அன்றைக்கு. பாவம், யாரிடம் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டான்.

மறுநாளே அந்தப் பெட்டியின் வாயில் சிவப்பு அட்டை ஒன்று தொங்கியது. "பரிசோதனையில் உள்ளது. இயக்க வேண்டாம்." கிறேன்களில் கட்டுகிற அதே அட்டைதான். ரிமோட் அவருடைய சட்டைப் பைக்குள் போனது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் அது அவரோடு போய் வந்தது. மின்சாரம் எத்தனை வோல்ட் வருகிறது என்று மூன்று தரம் அளந்தார். டிஸ்க் வைக்கிற தட்டு வெளியே வர எத்தனை செக்கன், உள்ளே போக எத்தனை செக்கன் என்று எழுதினார். பெட்டியில் காதை வைத்து, டிஸ்க் சுற்றுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார். அந்த நேரத்தில் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியதால் திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்.

இதெல்லாம் நடந்தது யன்னல் மூடிய இருட்டுக்குள். வெளிச்சம் பட்டால் கறுப்பு மங்குமாம். அதற்காகப் பக்கத்து வீட்டு றம்ஸியாவிடம் சொல்லிக் கறுப்புத் திரைச்சீலை தைப்பித்தார். றம்ஸியா கறுப்பு அபாயா அங்கி தைக்கிறவள். மிஞ்சின துணியில் நாலு யன்னலுக்கும் தைத்து, மாட்டிவிடவும் வந்தாள். வந்த இடத்தில்தான் அவளும் படத்தில் மாட்டுப்பட்டாள்.

கதை இதுதான். ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி. குடித்துவிட்டு அடிக்கிற தகப்பன் கைக்குப் போக வேண்டிய பச்சைப் பிள்ளையை, பிள்ளையில்லாத வேறொருத்தியிடம் இரகசியமாகக் கொடுத்துவிட்டாள். பெற்ற தாய் மயக்கத்தில் கிடந்தாள். அவளுக்குத் தெரியாது. ஏழு வருசம் கழித்து விசயம் வெளியே வந்து, தாதி இப்போது கோட்டில், நீதிபதிக்கு முன்னால் நிற்கிறாள். படம் இங்கிலிஷ். இன்பமலர் ஓய்வு பெற்ற இங்கிலிஷ் ரீச்சர் ஆனபடியால் றம்ஸியாவுக்கு அடிக்கு அடி சொல்லிக்கொண்டு வந்தாள். சமைக்கப் போனாலும் குசினியில் இருந்தபடி கேட்டுக் கேட்டுச் சொல்லுவாள். "இப்ப சட்டத்தரணி கேக்கிறார்... அவ அழுறா... இல்லை, அழேல்ல, மூக்கைச் சீறுறா..."

கடைசியில் நீதிபதி எழுந்து வாயைத் திறப்பார். கிறிஸ்தோபர் நிறுத்துவார். கறுப்பு அங்கி, கறுப்பு மரம், ஒரேயொரு மேசை விளக்கு, இதைவிடக் கடுமையான பரிசோதனை முழுப் படத்திலும் இல்லையாம். பார்த்து முடிந்ததும் டிஸ்க்கை வெளியே எடுப்பார். மறுநாள் அதே இடத்துக்கு வருவார். அதே இடத்தில் நிறுத்துவார்.

"விடுதலைதான் வரும்" என்று இன்பமலர் முதல் நாளே சொல்லிவிட்டாள். "அடிக்கிறவனிட்டை இருந்து ஒரு உயிரைக் காப்பாத்தினவள்."

"அதெப்படி டீச்சர்? பெத்தவக்கிட்ட ஒரு வார்த்த கேக்கல்லயே. குத்தம் குத்தம்தான்."

"மயக்கத்தில கிடந்தவளிட்டை என்னெண்டு கேக்கிறது?"

"முழிச்ச பொறகு கேட்டிரிக்கலாமே. ஏழு வருசம் அந்தத் தாய் எப்பிடி இருந்திரிப்பா? அதை யோசிச்சீங்களா?"

இன்பமலர் அதை யோசித்திருக்கவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. விடுதலையென்றால் றம்ஸியா வட்டிலப்பம் செய்துதர வேண்டும், தண்டனையென்றால் தான் பட்டர் கேக் அடித்துத்தர வேண்டும் என்று மதிலுக்கு மேலால் பந்தயம் போட்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு வீட்டிலும் வேறு கதை இல்லை. இன்பமலர் படுத்தால் அந்தத் தாய் வருகிறாள், எழும்பினால் தாதி வருகிறாள். நீதிபதி என்னதான் சொல்லப் போகிறார்?

நாலாம் நாள் கிறிஸ்தோபர் றம்ஸியாவையே பரிசோதனைக்கு அழைத்தார்.

"பிள்ளை, நீ கறுப்புத் துணியில புழங்கிறவள். உந்தக் கறுப்பு எப்பிடி?"

அவள் ஒரு பார்வைதான் பார்த்தாள். "நல்ல கறுப்பு, சேர். மடிப்புக்குள்ள மடிப்புத் தெரியுது. தோள்பக்கம் மட்டும் தையல் கோணல்."

"அது பிளேயரின்ர பிழையோ, ரீவியின்ர பிழையோ?"

"தைச்சவன்ட பிழை, சேர்."

இன்பமலர் சிரித்தாள். கிறிஸ்தோபர் சிரிக்கவில்லை. "சுயாதீன சாட்சி: நன்று. தோள்பட்டை மேலும் அவதானிக்க வேண்டும்" என்று எழுதிக்கொண்டார்.

இப்படியே பத்து நாள் போய், வியாழக்கிழமை வந்தது. அன்று இரண்டு மணிக்கு ஜக்சனுக்கு விமான நிலையத்துக்கு வான். பதினொரு மணிக்கே வந்துவிட்டான்.

"சித்தப்பா, ஓமோ, இல்லையோ?"

"பொதுவாப் பாத்தா..."

"ஓமோ, இல்லையோ?"

"நிபந்தனையுடன் திருப்தி எண்டு சொல்லலாம். இன்னும் ஒரேயொரு சோதனை இருக்கு. ஒரு கிழமை தந்தியெண்டா..."

"நான் நாளைக்கு பிளேனில ஏறுறன், சித்தப்பா! கடைக்காரனிட்டைப் போய் நிபந்தனையெண்டு சொல்ல ஏலுமே? பெட்டி இஞ்ச நிக்கிறதெண்டா நிக்கட்டும். இல்லாட்டி இப்ப கட்டுவம்."

கிறிஸ்தோபர் கொப்பியைப் புரட்டினார். முன்னால் புரட்டினார், பின்னால் புரட்டினார். அவர் முகத்தைப் பார்த்த இன்பமலருக்கு விளங்கிவிட்டது. இந்த மனுசன் ஓமென்றும் சொல்ல மாட்டார், இல்லையென்றும் சொல்ல மாட்டார். இரண்டு மணி வரைக்கும் தட்டு வெளியே வர எத்தனை செக்கன் என்று பார்த்துவிட்டு, அரைமனதோடு பெட்டியைக் கொடுத்தனுப்புவார். தாதி சாகும்வரைக்கும் கூண்டில் நிற்பாள்.

அவள் கையை நீட்டினாள்.

"ரிமோட்டைத் தாங்கோ."

"மலர், இப்ப..."

"தாங்கோ எண்டுறன்."

அந்தக் குரலைக் கேட்டு ஒன்பதாம் வகுப்பே அடங்கியிருக்கிறது. கிறிஸ்தோபர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இன்பமலர் சிவப்பு அட்டையைக் கழற்றி மேசையில் போட்டாள். கறுப்புத் திரைச்சீலை ஒன்றை விலக்கி, யன்னலைத் திறந்து, மதிலுக்கு அப்பால் குரல் கொடுத்தாள்.

"றம்ஸியா! ஓடி வா பிள்ளை. தீர்ப்பு!"

திறந்த யன்னலால் வெயில் நேராகத் திரையில் விழுந்தது. "ஐயோ, கறுப்பு முழுக்கப் போச்சு" என்று கிறிஸ்தோபர் முனகினார். ஒருவரும் காதில் வாங்கவில்லை. றம்ஸியா கழுத்தில் அளவுநாடாவோடு வந்து கதிரையின் நுனியில் இருந்தாள். ஜக்சன் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு சுவரில் சாய்ந்து நின்றான்.

சட்டத்தரணி பேசி முடித்தார். தாதி தலை குனிந்தாள். மூலையில் இருந்த பெற்ற தாய் கைக்குட்டையைச் சுருட்டினாள். நீதிபதி எழுந்தார். கண்ணாடியைக் கழற்றினார். வாயைத் திறந்தார்.

"இந்த நீதிமன்றம் கண்டது என்னவென்றால்..." என்று இன்பமலர் தமிழில் சொல்லி முடிக்கவும், நீதிபதி நின்றுவிட்டார்.

"இப்பவும் நிப்பாட்டிறீங்களோ!" அவள் கொதித்துக்கொண்டு புருசன் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு மனச்சாட்சி எண்டு ஒண்டு..."

கிறிஸ்தோபர் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். கைகள் வெறுமையாக இருந்தன. ரிமோட் அவளுடைய கையில்தான் இருந்தது.

நீதிபதி வாயைத் திறந்தபடியே நின்றார். இன்பமலர் ஒவ்வொரு பொத்தானாக அமர்த்தினாள். பெட்டி அசையவில்லை. ஜக்சன் வயரைக் கழற்றிப் பூட்டினான். றம்ஸியா தன் சால்வை நுனியால் டிஸ்க்கைப் பூப்போலத் துடைத்துக் கொடுத்தாள். மறுபடியும் போட்டார்கள். சட்டத்தரணி, கைக்குட்டை, கண்ணாடி. "இந்த நீதிமன்றம் கண்டது..." மறுபடியும் அதே இடம்.

"இது உந்தப் பெட்டிகளுக்கு வாற ஒரு வருத்தம்தான், சித்தி" என்றான் ஜக்சன். "உந்த டிஸ்க்கில படை படையா, அடுக்கு மாதிரிப் படத்தைப் பதிஞ்சிருப்பாங்கள். ஒரு படையில இருந்து மற்றதுக்குப் போகேக்க சில பிளேயர் தடக்குப்படும்."

"அப்ப நீ முடிவைச் சொல்லு. நீ பாத்தனிதானே?"

"நானோ? எனக்குக் கோட்டுப் படம் கண்ணிலயும் காட்டேலாது. கடைக்காரன் சும்மா தந்தவன், கொண்டு வந்தனான்."

இன்பமலருக்கு அவனைக் கோப்பையோடு சேர்த்து முற்றத்தில் எறியலாம் போல இருந்தது. கடைசி முயற்சியாக அவனே ரிமோட்டை வாங்கி, அடுத்த பகுதிக்குத் தாவினான். பெட்டி முக்கி முனகி, தாவியது. நீதிமன்றப் படிக்கட்டு. மழை. தாதி குடையை விரித்துக்கொண்டு தனியே இறங்கிப் போனாள். பொலிஸ் இல்லை. விலங்கு இல்லை. பெயர்கள் ஓடத் தொடங்கின.

"பாத்தியே!" இன்பமலர் துள்ளினாள். "விடுதலை! வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டியை வாங்கு!"

"அதெப்படி? குத்தவாளியெண்டு சொல்லிட்டு, தண்டனைய ஒத்திவெச்சு விட்டிரிக்கலாம்தானே? அந்தப் புள்ள ஆருக்கிட்ட போச்சு? தாய்க்கு என்ன சொன்னார்? ஒண்டும் நமக்குக் கேக்கல்லயே, டீச்சர்."

இன்பமலர் ஓடுகிற பெயர்களைத் திரும்பிப் பார்த்தாள். அதுதானே! மழையையும் குடையையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அவளுக்கு வேண்டியிருந்தது அந்த மனுசன் சொன்ன சொல். முக்கியமாக, அந்தத் தாய்க்குச் சொன்ன சொல்.

அப்போதுதான் கிறிஸ்தோபரைக் கவனித்தாள். முகம் மலர்ந்து, கிறேன் கொக்கியில் வெடிப்பைக் கண்டுபிடித்த நாட்களில் இருந்தது போல இருந்தார்.

"பிழை கண்டாச்சு!" என்றார். "ஜக்சன், கட்டு பெட்டியை. பரிசோதனையில சித்தியில்லை!"

"ஆர் கண்டது?" என்றாள் இன்பமலர். "பத்து நாளா நீங்கள் நிப்பாட்டின இடம், அந்தப் பிழைக்கு ரெண்டே ரெண்டு செக்கன் முந்தி. ஒருக்கா விட்டிருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்கும். ஜக்சன் எங்கையாவது வேற பிளேயரும் தேடிக் கொண்டு வந்திருப்பான், நான் தீர்ப்பும் கேட்டிருப்பன்!"

கிறிஸ்தோபரின் சிரிப்பு மெல்ல இறங்கியது. கொப்பியில் பத்து நாளாக எழுதிய வரிகளைப் பார்த்தார்.

"பாரம் ஏத்திப் பாக்காமலே கிறேனைச் சோதிச்சிருக்கிறன், மலர்" என்றார் மெதுவாக. முப்பத்திநாலு வருசத்தில் அவர் யாரிடமும் அப்படி ஒன்றை ஒப்புக்கொண்டதாக இன்பமலருக்கு ஞாபகம் இல்லை. பிறகு பேனையைத் திறந்து, பக்கத்தின் அடியில் பெரிதாக "சித்தியில்லை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். ஒரு நிமிடம் யோசித்து, "பிழையைக் கண்டவர்: இன்பமலர்" என்று கீழே சேர்த்தார்.

அதோடு விட்டிருக்கலாம். "எண்டாலும் டிஸ்க்கின்ர பிழையாயும் இருக்கலாம்..." என்று தொடங்கினார்.

"அப்ப டிஸ்க் இஞ்ச நிக்கட்டும், சித்தப்பா" என்று ஜக்சன் அவசரமாகக் குறுக்கிட்டான். "டிசம்பரில நத்தாருக்கு என்ர சினேகிதன் வாறான். வேற பிளேயர் குடுத்துவிடுறன். அதில போட்டுப் பாத்தா ஆரின்ர பிழையெண்டு தெரியும்."

"நத்தாரோ!" என்றாள் இன்பமலர். "இன்னும் மூண்டு மாதம் அந்த மனிசன் வாயைத் திறந்துகொண்டு நிக்கிறதோ?" டிஸ்க்கை உறையில் போட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்தாள். "கேளுங்கோ. அடுத்த பெட்டி வந்தா முதல்ல எனக்குத் தீர்ப்பு. பிறகுதான் உங்களுக்குக் கறுப்பு. சரியோ?"

"சரி. ஆனா வோல்டேஜ் மட்டும் ஒருக்கா..."

அவள் பார்த்த பார்வையில் அவர் நிறுத்திக்கொண்டார். ஜக்சன் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். றம்ஸியா எழும்பவில்லை, அவளுக்கும் மனம் ஆறவில்லை.

"சேர், நீங்க பத்து நாளா அந்த மனிசன்ட மூஞ்சையப் பாத்துக்கிட்டிருந்தீங்க. என்ன சொல்லியிருப்பார் எண்டு நினைக்கிறீங்க?"

கிறிஸ்தோபர் பேனை மூடியைப் பூட்டியபடி நன்றாக யோசித்தார்.

"நிபந்தனையுடன் விடுதலை" என்றார்.

மேசையில் கிடந்த சிவப்பு அட்டையை இன்பமலர் எடுத்தாள். அதன் கயிற்றை அவருடைய சட்டைப் பொத்தானில் மாட்டி, "பரிசோதனையில் உள்ளது" என்ற எழுத்து வெளியே தெரியும்படி திருப்பி விட்டுவிட்டு, கறி அடிப்பிடிக்கிற மணத்தைத் தேடிக் குசினிக்குப் போனாள்.