ஒரே ஒரு படம்

பிரசாந்தியின் கைப்பேசி அலறியபோது அவளும் கணவன் சுஜீந்திரனும் ஃபேரர் பார்க்கில் ஒரு கடையில் தோசைக்குக் காத்திருந்தார்கள். சாப்பிட்டதும் அவன் தஞ்சோங் பகாருக்கு வேலைக்குப் போக வேண்டும். அவள் முகம் மாறியதைப் பார்த்து, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டான்.

எங்கோ வெகுதொலைவில் இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதி ஒன்றாகியிருந்தன. அதில் எழுந்த ஈர்ப்பலை பூமியைக் கடந்துபோனதைக் கருவிகள் பிடித்திருந்தன. அலை வந்த திசையில் புதிதாக ஒரு ஒளிப்புள்ளி தெரியும்; ஓரிரு நாளில் மங்கி அணைந்துவிடும். அணைவதற்குள் அதைக் கண்டுபிடிப்பதுதான் பல்கலைக்கழகத்தில் பிரசாந்தியின் வேலை. இத்தனை வருடங்களில் அவளுக்கு ஒன்றுகூட அகப்பட்டதில்லை.

அவள் குழு பயன்படுத்தும் தொலைநோக்கி சிலியில் ஒரு மலைமேல் இருக்கிறது. அங்கே அப்போதுதான் இருட்டியிருந்தது. மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்தாள். தேட வேண்டிய வானம் மேற்கே தாழ்ந்திருந்தது, சீக்கிரம் மறைந்துவிடும்.

மலையில் பணியிலிருந்த பெண் இணைய அழைப்பில் வந்து, காற்று பலமாக அடிப்பதால் தொலைநோக்கிக் கூடத்தின் கூரையைத் திறக்க முடியாது என்றாள். பிரசாந்தி கெஞ்சிப் பார்த்தாள். மணல் அடித்துத் தொலைநோக்கியின் கண்ணாடி பாழானால் என்ன செய்வது என்று அந்தப் பெண் கோபமில்லாமல் கேட்டாள். தோசை வந்து ஆறிப்போனது. சுஜீந்திரன் அலுவலகத்துக்குத் தாமதமாகும் என்று செய்தி அனுப்பிவிட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

பிறகு காற்று கொஞ்சம் தணிந்தது. கூரை திறந்தது. அந்தத் திசையில் இருந்த ஒரு விண்மீன் மண்டலத்தைப் படம் எடுத்தார்கள். அடுத்த படத்துக்குள் காற்று மறுபடி எழுந்து, கூரையை மூடும்படி ஆனது.

கிடைத்த படத்தில், மண்டலத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி. பழைய படங்கள் எதிலும் அது இல்லை.

"இதுதானா?" என்றான் சுஜீந்திரன்.

"தெரியல. குறுக்கே போற சிறுகோளா இருந்தாலும் இப்படித்தான் தெரியும். இன்னொரு படம் இருந்தா நகருதான்னு பாக்கலாம். ஒண்ணை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

புள்ளி இருந்த இடத்தின் விவரத்தை உலகம் முழுக்க உள்ள மற்ற தொலைநோக்கிகளுக்கு அனுப்பினாள். மாலை ஆங் மோ கியோ வீட்டிலிருந்து ஆஸ்திரேலியாவில் விசாரித்தபோது, அங்கே மழை. தென்னாப்பிரிக்காவில் மேகம். சூரியனுக்குப் பக்கமான திசை என்பதால் விண்வெளித் தொலைநோக்கிகளையும் அங்கே திருப்ப முடியவில்லை. சிலி மலையில் அன்றிரவே பனிப்புயல் தொடங்கிவிட்டது. பிரசாந்தி வானிலைப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தாள். அதைத் தவிர செய்வதற்கு ஒன்றும் இல்லை.

நான்காம் நாள் கூரை திறந்தபோது அந்த இடம் வெறுமையாக இருந்தது. மங்கிப்போயிருக்கலாம். நகர்ந்துபோயிருக்கலாம்.

'உறுதி செய்ய இயலவில்லை' என்று அறிக்கை எழுதி அனுப்பினாள். நீ என்ன நினைக்கிறாய் என்று சுஜீந்திரன் கேட்டான்.

"அதுதான்னு நினைக்கிறேன். நினைச்சா போதாது லா." கணினியை மூடினாள். "சிலியில அந்தப் பொண்ணு செஞ்சது சரி. காத்து மேல கோவப்பட முடியுமா? யாரைத் திட்டுறதுன்னே தெரியல, சுஜீ."

அவன் எழுந்துபோய்ச் சோற்றைச் சூடாக்கினான்.