ஆப்பமாவும் அப்பாவின் ஸ்வெட்டரும்

ஜெயாவின் ஆப்பமாவு பொங்குவதற்கு ஒன்றரை நாள் பிடிக்கும். மலை ஊரான ரிங்லெட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயங்களில் எந்த மாவுக்கும் அதே கணக்குதான். குளிரில் மனிதர்களே போர்வையை விட்டு எழ மாட்டேன் என்று அடம் பிடிக்கும்போது மாவை மட்டும் கோபித்துக்கொண்டு என்ன செய்வது? அரைத்துக் கரைத்து, சட்டியை மூடி, கம்பளியில் சுற்றி, அடுப்போரமாக வைத்துவிட்டு மறந்துவிட வேண்டும். நடுவில் திறந்து பார்க்கவே கூடாது. திறந்தால் உள்ளே இருக்கிற கொஞ்சநஞ்சச் சூடும் ஓடிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் மகள் தனுஜா, தெலுக் இந்தானில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்து அழைத்து, குசுகுசுவென்று, "அம்மா, ஆப்பத்துக்கு மாவு எப்படிம்மா வெப்ப?" என்று கேட்டபோது ஜெயா இதைத்தான் வரி விடாமல் சொன்னாள்.

"கம்பளிக்கு எங்கம்மா போவேன்?" என்றாள் தனுஜா. பிறகு கொஞ்சம் தயங்கி, "அப்பாவோட காப்பிக் கலர் ஸ்வெட்டர் இங்கதான் இருக்கு. நான்தான் எடுத்துட்டு வந்தேன்" என்றாள்.

"அடிப்பாவி! அத நீயா தூக்கிட்டுப் போனே? தொலைச்சிட்டாருன்னு உங்கப்பாவ எத்தன நாள் ஏசிக்கிட்டு இருக்கேன்! சரி, அதுலயே சுத்தி வையி. வேலை முடிஞ்சதும் பத்திரமா திருப்பி அனுப்பு. ஞாயித்துக்கிழமை காலை வரைக்கும் யாரயும் சட்டியத் தொட விடாத, என்னா?"

சொல்லிவிட்டு ஜெயா பெருமிதத்தோடுதான் கொழுந்து பறிக்கப் போனாள். அந்தப் பெருமிதத்துக்குள் ஒரு முள்ளும் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தி செல்லம்மா ஆப்பத்தைத் தின்றுவிட்டு, "யாரு செஞ்சா?" என்று கேட்க, ஜெயா கண் இமைக்காமல், "எல்லாம் உங்க மருமக கைதான்" என்று சொல்லி வைத்திருந்தாள். உண்மையில் தனுஜாவுக்கு வெந்நீர் வைப்பதற்கே யோசனை சொல்ல வேண்டும். பிரிஞ்சாங்கில் ஹோட்டல் வரவேற்பில் நின்று நாலு மொழியில் பேசத் தெரிந்த பெண்ணை அடுப்படிப் பக்கம் வரவிடாமல் வளர்த்ததும் ஜெயாதான். கல்யாணமாகி இத்தனை நாள் எப்படியோ ஓடிவிட்டது. இப்போது செல்லம்மாவின் நாத்தனார்கள் கிள்ளானிலிருந்து புதுப்பெண்ணைப் பார்க்க வருகிறார்கள். மருமகளின் ஆப்பத்தைப் பற்றிச் செல்லம்மா அவர்களிடம் ஏற்கெனவே அளந்து விட்டிருந்தாள்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. தோட்டத்து லோரியில் ரிங்லெட்டில் இறங்கியதும் ஜெயா வழக்கம்போல் கமருஸ்ஸமானின் சாப்பாட்டுக் கடைக்குப் போனாள். கடை அவர் பெயரில் இருந்தாலும் நடப்பது அவர் மனைவி ஹஃபீசாவின் கையில்தான். இரண்டு பேருக்கும் பழைய பழக்கம். ஹஃபீசாவின் மீன் குழம்பு ஜெயாவின் வீட்டிலும் ஜெயாவின் புளிக்கஞ்சி ஹஃபீசாவின் வீட்டிலும் கொதிப்பதுண்டு.

"என்னா ஜெயா, மொகமெல்லாம் வெளிச்சமா இருக்கு?" என்றாள் ஹஃபீசா.

"நாளைக்கு எம்பொண்ணு ஆப்பம் சுடுறாக்கா. மாமியா வீட்டுச் சனமெல்லாம் வருது. மாவுக்கு எங்கிட்டதான் கேட்டா. நேத்து சாயங்காலமே அரைச்சு, ஸ்வெட்டர் சுத்தி, அடுப்போரம் வெச்சிட்டா."

குழம்பில் ஓடிக்கொண்டிருந்த அகப்பை நின்றது. "எங்க, தெலுக் இந்தான்லயா?"

"ஆமாக்கா."

"ஸ்வெட்டர் சுத்தியா?"

ஹஃபீசா சிரித்த சிரிப்பில் மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "யா அல்லா! அது நான் பொறந்து வளந்த ஊருலா. அங்க சாயங்காலம் அரைச்சா விடியிறதுக்குள்ள மாவு மூடியத் தள்ளிட்டு எந்திரிச்சு நிக்கும். இதுல ஸ்வெட்டர் வேறயா? நாளைக்குக் காலைல அது மாவா இருக்காது ஜெயா, காடியா இருக்கும்!"

ஜெயா சிரிக்கவில்லை. அதைக் கவனிக்காமல் ஹஃபீசா பேசிக்கொண்டே போனாள். "எனக்கு அப்படியே தலைகீழா நடந்துச்சு. கல்யாணம் கட்டி இந்த மலைக்கு வந்த புதுசுல, எங்க ஊருக் கணக்குக்கு மாவு வெச்சேன். விடிஞ்சு பாத்தா அரைச்சது அரைச்ச மாதிரி கெடக்கு. 'தோசைக்கு மாவு வெக்கக்கூட உங்க வீட்ல சொல்லித் தரலையா'ன்னு எங்க மாமி எல்லார் முன்னாலயும் கேட்டாங்க. இதே அடுப்படியில உக்காந்து அழுதேன். இன்னிக்கி நெனச்சாலும் நெஞ்சு அடைக்கும்லா."

 கீழே வெயில் கொளுத்தும் என்று ஜெயாவுக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குப் போன அன்று பட்டுச் சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ள, "என்னா ஊருப்பா இது!" என்று புலம்பியவள்தானே அவள். ஆனால் தன் உடம்பு பட்ட வெக்கையை மாவும் படுமென்று ஒரு தடவைகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவள் பிறந்ததும் இந்த மலையில், மாவு அரைக்கப் பழகியதும் இந்த மலையில். மாவென்றால் ஒன்றரை நாள் என்பது அவளுக்குச் சூரியன் கிழக்கே உதிக்கிற மாதிரி.

போனை எடுத்தாள். தனுஜாவின் போன் அணைந்திருந்தது. அவள் வேலை பார்க்கும் மருந்துக் கடையில் போனை வாங்கிப் பூட்டி வைத்துவிடுவார்கள். சாயங்காலம்தான் கைக்கு வரும். தெரிந்தும் ஜெயா திரும்பத் திரும்ப அழைத்தாள். மருமகன் தர்மாவுக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. பாமாயில் ஆலையில் இரவு ஷிப்ட் முடித்தவன் அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருப்பான். கடைசியில் கணவன் முனியாண்டிக்கு அடித்தாள்.

"மாவுக்கா இந்தக் கூத்து?" என்றான் முனியாண்டி. "ஆப்பம் வரலைன்னா ரொட்டி வாங்கித் தின்னுட்டுப் போறாங்க. போன வை, ஆட்டுக்குத் தழை ஒடிக்கணும்."

ஆண்களுக்கு எல்லாம் எவ்வளவு சுலபமாக முடிந்துவிடுகிறது! ஜெயாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிள்ளான்காரிகள் மூக்கைப் பொத்திக்கொள்வது, செல்லம்மாவின் முகம் கறுப்பது, எல்லார் முன்னாலும் தன் பெண் கரண்டியோடு நிற்பது, எல்லாம் அவள் கண்முன்னே ஓடின. பாவிமகள் அழக்கூட மாட்டாள். சிரித்துக்கொண்டு நிற்பாள். ஹோட்டலில் பழகிய சிரிப்பு அது.

மிச்சம் இருந்தது ஒரே வழி. செல்லம்மாவையே கூப்பிட்டு, சட்டியைத் திறந்து பாருங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் மாவு பிழைக்கும். ஆனால் அன்றைக்கு அவிழ்த்துவிட்ட புளுகும் சேர்ந்து வெளியே வரும். மாவு வைக்கவே தெரியாதவள் அந்த ஆப்பத்தை எப்படிச் சுட்டாள் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? பொய்க்காரியின் மகள் என்று பெயர் வாங்கிக் கொடுப்பதற்குக் காடி ஆப்பமே தேவலையோ?

"வாய மூடிட்டு இருந்தா நாளைக்கு அந்தப் புள்ளதான் தனியா நிக்கும்," என்றாள் ஹஃபீசா. இப்போது அவள் சிரிக்கவில்லை. "எனக்காகப் பேச அன்னிக்கி இந்த மலையில ஒரு நாதியில்ல ஜெயா. நீ பேசு."

கடைக்குப் பின்னால், காலி முட்டைக்கோஸ் கூடைகள் கிடந்த இடத்தில் நின்றுகொண்டு ஜெயா அழைத்தாள்.  எடுக்காமல் இருந்தால் தேவலை என்றுகூட நினைத்தாள். செல்லம்மா உடனே எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்க சம்பந்தி!"

நலம் விசாரிப்பதைக்கூட மறந்துவிட்டு ஜெயா கொட்டினாள். "சம்பந்தி, தப்பு எம்மேலதான். புள்ளய ஒண்ணும் சொல்லிராதீங்க. அந்த மாவு... நான்தான் மலைக் கணக்குக்குச் சொல்லிக் குடுத்துட்டேன். அவளுக்குத் தெரியாது. அன்னிக்கி நீங்க சாப்பிட்ட ஆப்பமும் அவ சுட்டதில்ல. நான் சுட்டது. பொய் சொல்லிட்டேன். அவள ஒரு வார்த்த..."

 

"அதுவா!" என்றாள் செல்லம்மா நிதானமாக. "பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். சூடான ஆப்பச்சட்டிய வெறுங்கையால தொட்டுட்டு ஒதறிக்கிட்டு நின்னுச்சு உங்க பொண்ணு. தெனமும் அடுப்படியில நிக்கிற கை அப்படித் தொடுமா?"

"அப்புறம் ஏன் சம்பந்தி..."

"நாங்க பொண்ணுல்ல கேட்டு வந்தோம். ஆப்பக் கடை வெக்கவா வந்தோம்?" செல்லம்மா சிரித்தாள். "மாவுக்கு ஒண்ணும் ஆவல. காலைல எந்திரிச்சுப் பாத்தேன், மூடிய முட்டிக்கிட்டு நின்னுச்சு. யாரும் தொடக்கூடாதுன்னு உங்க பொண்ணு ஆர்டர் போட்டிருந்திச்சு, நான் தொட்டேன். புள்ள வேலைக்குப் போனதும் சட்டிய ஃப்ரிட்ஜுல தள்ளிட்டேன். வர்ற நேரத்துக்கு அதே மூலையில எடுத்து வெச்சிருவேன். புள்ள படுத்ததும் சட்டி திரும்ப உள்ள போயிரும். நீங்க அதுக்கிட்ட ஒண்ணும் சொல்லிராதீங்க. பாவம், எவ்ளோ ஆசையா செய்யிது."

ஜெயா ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த ஸ்வெட்டர் மாவு பட்டுப் பாழாயிருக்கும். நல்லா ஊற வெச்சுத் தொவைக்கச் சொல்லுங்க சம்பந்தி," என்றாள்.

"எந்த ஸ்வெட்டரு?"

"சட்டிய சுத்தி வெச்ச ஸ்வெட்டர்."

"சட்டியில என்னோட துண்டுல்ல சுத்தியிருந்திச்சு." செல்லம்மாவின் குரல் தாழ்ந்தது. "காப்பிக் கலர்ல ஒண்ணு, அதுவா? அது படுக்கையில இருக்கு சம்பந்தி. தர்மா நைட் ஷிப்ட் போற நாள்ல, காலைல நான் புள்ளய எழுப்பப் போறப்போ பாப்பேன். ஃபேன் முழு வேகத்துல சுத்தும். இந்த வெக்கையில அத மூஞ்சியோட வெச்சு அணைச்சிக்கிட்டுத் தூங்கும். கேட்டா ஏசி குளிருதுன்னு சொல்லும். எங்க வீட்ல ஏசியே இல்ல."

ஜெயா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"புள்ள நல்லாதான் இருக்கு, நீங்க பயப்படாதீங்க. எங்க மேல எந்தக் கொறையும் சொல்லாது. ஆனா வீட்ட நெனச்சு ஏங்குது. நீங்க ஒரு வாரம் வந்து தங்குங்களேன். நானும் உங்க ஆப்பத்தக் கத்துக்கணும்," என்றாள் செல்லம்மா.

அன்று இரவு ஜெயாவுக்கு மாவைப் பற்றிக் கவலை இல்லை. தூக்கமும் இல்லை. தினமும் போனில், "நல்லா இருக்கேம்மா, சாப்டேம்மா" என்று மகள் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து, எது பொய்யாக இருக்கும் என்று பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் வந்தது. "அம்மா! நீ சொன்ன மாதிரியே பொங்கியிருந்திச்சும்மா! அத்தை நாலு சாப்ட்டாங்க. கிள்ளான் பெரியம்மா எப்படிச் செய்யிறதுன்னு எங்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போறாங்கம்மா!"

அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு கிள்ளானில் எத்தனை சட்டி பொங்கி வழியப் போகிறதோ என்று ஜெயாவுக்குத் தோன்றியது. "எம்பொண்ணாச்சே," என்று மட்டும் சொன்னாள்.

"எல்லாம் ஸ்வெட்டர் சுத்தி வெச்சதாலதான்மா," என்றாள் தனுஜா. பிறகு அவள் பேச்சு கொஞ்சம் தேய்ந்தது. "அம்மா... அது இங்கயே இருக்கட்டுமா? அடிக்கடி மாவு வெக்கணும்ல, அதான்."

ஜெயா வாயை முந்தானையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். குரல் உடையாமல் வரும் என்று நிச்சயமானதும் கையை எடுத்தாள்.

"இருக்கட்டும்மா," என்றாள். "அது இல்லாம மாவு எப்படிப் பொங்கும்?"