பம்பரின் இடது மூலை

சுரேஷ்கண்ணன் அன்று சாயங்காலமே உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தான். இதை முதலிலேயே சொல்லிவைப்பது நல்லது. பின்னால் நடந்ததை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு அப்படித் தோன்றாது.

நடந்தது சின்ன விஷயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் காரை எடுத்துக்கொண்டு, சிநேகிதன் வேல்பாண்டியின் திராட்சைத் தோட்டத்துக்குக் கறிச்சோறு சாப்பிடப் போனான். சாப்பிட்டுக் கிளம்பும்போது ஒரு கையை ஜன்னலுக்கு வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு, வேல்பாண்டியிடம் சொட்டுநீர்க் குழாயைப் பற்றிப் பேசியபடியே வண்டியைப் பின்னால் எடுத்தான். பந்தலைத் தாங்குகிற கல்லுக்கால் ஒன்று பதினெட்டு வருஷமாக அந்த இடத்தில் நிற்கிறது. அது நகரவில்லை.

இறங்கிப் பார்த்தார்கள். பின்பக்க பம்பரின் இடது மூலை உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே போயிருந்தது. மெரூன் பெயிண்ட் உரிந்து அடியில் கறுப்புப் பிளாஸ்டிக் தெரிந்தது.

"வெளிய மூச்சு விட்றாத மாப்ள," என்றான் சுரேஷ்கண்ணன்.

"நான் எதுக்கு விடுறேன்? எங் கல்லுக்காலு நல்லாத்தான இருக்கு," என்றான் வேல்பாண்டி.

மூச்சு விடக் கூடாததற்குக் காரணம் இருந்தது. சுரேஷ்கண்ணனின் மனைவி பவானி ராயப்பன்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் டீச்சர். காமயகவுண்டன்பட்டியிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தவளுக்கு, நான்கு மாதத்துக்கு முன் அவன்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தான். லைசென்ஸ் வந்த அன்று, மாமனார் வீட்டு ஆட்கள் கூடியிருந்த இடத்தில் சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தையும் சொன்னான்.

"ஒம்பது வருசமா ஓட்டுறேன், ஒரு கீறல் கெடையாது. நீ ஒரு கீறல் போட்டேன்னு வையி, சாவி எங்கிட்ட வந்துரணும்."

எல்லாரும் சிரித்தார்கள். பவானி சிரிக்கவில்லை. நிபந்தனை என்று ஒன்றைச் சொன்னால் அதைக் கவனமாகக் கேட்டுக்கொள்கிறவள் அவள்.

அன்று சாயங்காலம் சொல்லியிருக்கலாம். கறிச்சோற்று மயக்கத்தில் தூங்கிப்போனான். மறுநாள் காலையில் அவள் காரை எடுக்கும்போது சொல்லியிருக்கலாம். அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தான். வாயில் நுரையை வைத்துக்கொண்டு இதையெல்லாம் சொல்ல முடியாது.

திங்கட்கிழமை சாயங்காலம் கம்பத்திலுள்ள தன் குழாய்க் கடையிலிருந்து அவன் வரும்போது, பவானி காருக்குப் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்திருந்தாள். கையில் தையல் டேப்பும் ஒரு நோட்டும் இருந்தன.

"ஏங்க, இங்கன வாங்களேன்," என்றாள். "நான் வண்டிய இடிச்சுட்டேன்."

அவன் வாயைத் திறந்தான்.

"பள்ளிக்கூடத்துல சைக்கிள் நிறுத்துற எடத்துல ஒரு சிமெண்டுத் தூண் இருக்குல்ல? காலையில பின்னாடி எடுக்கறப்ப லேசா ஒரு தட்டு தட்டுன மாதிரி இருந்துச்சு. கல்லுல ஏறிருச்சுன்னு நெனச்சேன். சாயந்தரம் பாத்தா இப்படிக் கெடக்கு. திரும்பிப் போயி தூணப் பாத்தேன். செவப்பா ஒரு கீறல். தரையிலருந்து அம்பத்தோரு சென்டிமீட்டர். இங்க அம்பத்திரண்டு."

நோட்டை நீட்டினாள். மாணவர்களின் செய்முறை ஏட்டில் இருப்பதுபோலவே மூன்று பத்தியாகக் கோடு போட்டிருந்தாள். சோதனை, காண்பன, அறிவன. கீறலின் உயரம், பள்ளத்தின் அகலம், தட்டிய நேரம் எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசி வரியில், அறிவன என்பதன் கீழ், "நான்" என்று ஒற்றைச் சொல்.

சுரேஷ்கண்ணனுக்கு இப்படி ஒரு வசதி வாழ்க்கையில் வாய்த்ததில்லை. குற்றத்தை இன்னொருவர் ஒப்புக்கொண்டதோடு நில்லாமல் நிரூபித்தும் காட்டியிருக்கிறார். ஒரு நிமிஷம் கழித்துச் சொல்லலாம் என்று வாயை மூடினான். அந்த ஒரு நிமிஷத்துக்குள் அவள் சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

"நீங்க சொன்னதுதான்," என்றாள்.

அவன் விரல்களை மடக்கிக்கொண்டான். கல்லுக்காலில் இடித்ததையாவது தவறுதல் என்று சொல்லலாம்.

வாசலுக்கு வந்த அவன் அம்மா ராஜாத்தி பம்பரைப் பார்த்தாள், மருமகளைப் பார்த்தாள். "போகுது விடு ஆத்தா. அவன் கைப்பழக்கம் ஒனக்கு வருமா?" என்று ஆறுதல் சொன்னாள்.

மறுநாள் காரைக் கம்பத்தில் கர்ணனின் டிங்கரிங் கடைக்குக் கொண்டுபோனான். கர்ணன் பம்பரின் மேல் கட்டைவிரலை ஓட்டி, பள்ளத்துக்குள்ளிருந்து ஏதோ ஒரு துணுக்கை நகத்தால் நோண்டி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"டீச்சர் நேத்து ராத்திரி போன் போட்டாக. எந்த வேகத்துல இடிச்சா இம்புட்டு உள்ள போகும்னு அரை மணி நேரம் கேட்டாக. சிமெண்டுத் தூணுன்னு சொன்னாக."

"ஆமாண்ணே."

"இது கருங்கல்லு தம்பி."

சுரேஷ்கண்ணன் அங்கே தொங்கிய காலண்டரில் ஏதோ தேடினான்.

"எனக்கென்ன வந்துச்சு," என்றார் கர்ணன். "பம்பரச் சரி பண்ணித் தாரேன். மத்ததுக்கெல்லாம் இங்கன ஸ்பேர் கெடையாது."

பம்பரைக் கழற்றிக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்றினார். இளகின பிளாஸ்டிக்கை உள்ளிருந்து ஒரு கட்டையை வைத்துத் தள்ளினார். பள்ளம் டொப்பென்று வெளியே வந்தது. மடிப்பு விழுந்த இடத்தில் பட்டி பூசிக் காயவிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, பெயிண்ட் அடித்து, உடைந்த கிளிப்புக்குப் புதுக் கிளிப்பு போட்டு, இரண்டு நாளில் கொடுத்தார். இடித்த இடம் எது என்று இடித்தவனுக்கே தெரியவில்லை.

பம்பர் சரியாகிவிட்டது. பவானி சரியாகவில்லை. காரைச் சுற்றி வந்து பார்த்தாள், நல்ல வேலை என்றாள், இடது பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

அப்புறம் தொடங்கியது சுரேஷ்கண்ணனின் புது வாழ்க்கை. எட்டேகாலுக்கு அவளை ராயப்பன்பட்டியில் விட வேண்டும். அங்கிருந்து கம்பத்துக்கு வந்து குழாய்க் கடையைத் திறப்பதற்குள், விடிந்ததும் வந்து காத்திருந்த விவசாயிகள் பக்கத்துக் கடையில் வாங்கிக்கொண்டு போயிருப்பார்கள். நாலரைக்குத் திரும்பவும் பள்ளிக்கூட வாசல். செவ்வாயும் வியாழனும் சிறப்பு வகுப்பு, ஆறு மணி. பவானி ஓட்டிக்கொண்டிருந்த வரை அம்மாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவள்தான் என்பது இப்போதுதான் அவனுக்குத் தெரியவந்தது. வண்டி என் கையில் இருந்தால்தான் நிம்மதி என்று நான்கு மாதமாக ஊரெல்லாம் சொல்லிவந்தவன் அவன்.

அதையாவது பொறுத்துக்கொண்டிருப்பான். அவனைக் கலக்கியது வேறு. பவானி படுக்கப் போன பிறகு எழுந்துபோய் அடுப்பை அணைத்திருக்கிறோமா என்று பார்த்தாள். வந்து படுத்து, திரும்பவும் எழுந்து போனாள். நாற்பது விடைத்தாளைத் திருத்தி முடித்துவிட்டு, அத்தனையையும் முதலிலிருந்து கூட்டினாள். ஒருநாள் காரில் வரும்போது ரோட்டைப் பார்த்தபடியே சொன்னாள்.

"இன்னைக்கு லேபுல ஆசிட்ட நான் ஊத்தல. ஒரு பிள்ளைய ஊத்தச் சொன்னேன்."

"ஏன்?"

"வண்டி இடிச்சதே தெரியாம எறங்கிப் போயிருக்கேன். இந்தக் கைய எப்படி நம்புறது? பிராக்டிகல் வகுப்ப வேற யாருக்காச்சும் குடுக்கச் சொல்லி எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன். திங்கக்கெழம குடுத்துருவேன்."

பிராக்டிகல் வகுப்பு என்றால் அவளுக்கு உயிர். கல்யாணத்துக்கு நாள் குறித்தபோது, அந்த வாரம் செய்முறைத் தேர்வு என்று தள்ளிப்போடச் சொன்னவள். சுரேஷ்கண்ணன் வண்டியை ஓரமாக நிறுத்தினான்.

"பவானி, அத இடிச்சது நான். வேல்பாண்டி தோட்டத்துல. நீ இல்ல."

அவள் அவனைப் பார்த்தாள். கண் மெல்லக் கலங்கியது.

"இதுக்குத்தான் நான் எதையும் உங்ககிட்டச் சொல்லக் கூடாதுங்கிறது," என்றாள். "எனக்காகப் பொய் சொல்ல வேணாம்."

"பொய் இல்லடி. முந்தி சொல்லாததுதான் பொய்யி."

"அப்ப அன்னைக்கே ஏன் சொல்லல?"

இதற்குப் பதில் இருந்தது. நல்ல பதிலாக இல்லை. அவன் யோசித்த நேரத்தில் அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து எழுதினாள். எட்டிப் பார்த்தான். "சோதனை: கணவர் தானே இடித்ததாகச் சொல்கிறார். காண்பன: முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அறிவன: இரக்கம்."

வீட்டுக்கு வந்ததும் ராஜாத்தி விஷயத்தைக் கேட்டுப் பூரித்துப்போனாள். பொண்டாட்டிக்காகப் பழியைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிற பிள்ளையைப் பெற்றிருப்பதாக அக்கம்பக்கம் சொன்னாள். மறுநாள் பள்ளிக்கூட வாசலில் ஒரு டீச்சர், "ஒங்கள மாதிரி யாரு சார் இருக்கா," என்று கும்பிட்டார். எவ்வளவு மறுத்தானோ அவ்வளவு உயர்ந்தான்.

கடைசியில் சாட்சியைக் கூப்பிட்டான். வேல்பாண்டிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"மாப்ள, அன்னைக்கி ஓந் தோட்டத்துல என்ன நடந்துச்சு, பவானிகிட்டச் சொல்லு."

போனில் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"தங்கச்சி பக்கத்துல இருக்கா?" என்றது வேல்பாண்டியின் குரல்.

"இருக்கு. சொல்லு."

"கறிச்சோறு தின்னோம். வேற ஒண்ணும் நடக்கல தாயி, சத்தியமா."

"லேய், நான் இடிச்சேன்ல?"

"நீயாவது இடிக்கிறதாவது. ஒம்பது வருசமா ஓட்டுறவன்," என்றான் வேல்பாண்டி. மூச்சு விடாதே என்று சொன்னால் விடாத மனிதன் அவன். இப்படி ஒரு சிநேகிதன் கிடைத்ததற்காக சுரேஷ்கண்ணன் பல வருஷமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவளைத் தோட்டத்துக்கே கூட்டிப்போனான். கல்லுக்காலில் மெரூன் பெயிண்ட் அப்பியிருக்கும், அதைவிட வேறென்ன வேண்டும் என்று தெம்பாகப் போனான். கல்லுக்கால் சுத்தமாக இருந்தது.

"தின்னர் போட்டுத் தொடச்சுட்டேன் மாப்ள," என்று வேல்பாண்டி அவன் காதில் கிசுகிசுத்தான். "அன்னைக்கே. ஒரு பொட்டு விடல."

பவானி கல்லுக்காலைச் சுற்றி வந்தாள். டேப்பை வைத்தாள், எடுத்தாள். கல்லில் ஒன்றும் இல்லை. ஆனால் வேல்பாண்டி கிசுகிசுத்ததை அவள் பார்த்திருந்தாள். ரொம்ப நேரம் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி," என்றாள். "அன்னைக்கு எப்படி எடுத்தீகளோ அப்படியே எடுங்க. எல்லாம் அதே மாதிரி. நான் இங்கன நிக்கிறேன்."

"இடிச்சுருமேடி."

"இடிக்காம நிறுத்துங்க. எந்தக் கோணத்துல வருதுன்னு பாத்தாப் போதும்."

சுரேஷ்கண்ணன் ஏறி உட்கார்ந்தான். ஒன்பது வருஷ அனுபவம். கல்லுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திவிடலாம். அன்றைக்குப் போலவே கையை வெளியே தொங்கப்போட்டான்.

"அன்னைக்கு என்னமோ பேசிக்கிட்டு இருந்தேன்," என்றான்.

"அப்பப் பேசுங்க."

"சொட்டுநீர்க் குழாயி பத்தி," என்று வேல்பாண்டி எடுத்துக்கொடுத்தான். "இப்பவும் கேக்கணும்னுதான் இருந்தேன் மாப்ள. அந்த பதினாறு எம்எம் குழாயில அடைப்பு விழுதே, அதுக்கு..."

"பில்டரத் தொறந்து கழுவுனியா மொதல்ல? நீங்கல்லாம் பில்டருன்னு ஒண்ணு இருக்கிறதையே..."

டப்.

பந்தலுக்குள் இருந்த காடை ஒன்று பறந்துபோனது.

பவானி குனிந்து பார்த்தாள். இடது மூலை. உள்ளங்கை அகலம். கர்ணன் பூசின பெயிண்ட் கல்லில் அழகாக ஒட்டியிருந்தது. தரையிலிருந்து அளந்தாள். ஐம்பத்திரண்டு. ஒரு தடவை அளந்தாள். இரண்டாவது தடவை அளக்கவில்லை. டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள்.

"அப்ப அந்தத் தூண்ல இருக்கிறது வேற யாரோ போட்ட கீறலு," என்று தனக்குத்தானே சொன்னாள். "நான் தட்டுனது தரையில கெடந்த கல்லுதான்."

இரண்டு வாரத்தில் முதல்முறையாக அவள் முகம் தெளிந்ததை சுரேஷ்கண்ணன் கண்ணாடியில் பார்த்தான். அதற்குப் பின்னால்தான், அவள் அவன் மேல் கோபப்பட வேண்டியதே இனிமேல்தான் இருக்கிறது என்பது அவனுக்கு உறைத்தது. இறங்கி வந்து, "வேணும்னுதான் இடிச்சேன். ஒனக்குப் புரியட்டும்னு," என்றான்.

வேல்பாண்டிகூட அதை நம்பவில்லை.

பவானி கையை நீட்டினாள். சாவி கொத்தோடு அதில் விழுந்தது.

"கர்ணண்ணன் கடைக்கு நாளைக்குச் சாயந்தரம் நானே கொண்டுபோறேன்," என்றபடி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, சீட்டை இரண்டு பல் முன்னால் தள்ளினாள். "பிராக்டிகல் இருக்கு. ஆறு மணியாகும்."

தோட்டத்து வழி குறுகல். இரண்டு பக்கமும் கல்லுக்கால். நடுவில் பின்னாலேயே எடுத்துத்தான் ரோட்டுக்குப் போக வேண்டும். சுரேஷ்கண்ணன் பழக்கதோஷத்தில் வண்டிக்குப் பின்னால் போய் நின்று, ஒரு கையை உயர்த்தி, "வா வா வா, லெப்ட்ல ஒடி," என்றான்.

வண்டி நகரவில்லை. ஜன்னல் வழியாகத் தலை வெளியே வந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க. கண்ணாடிய மறைக்கிறீக."