ஏழாவது பாட்டின் முதல் ஒன்பது வினாடி

"ஏழாவது பாட்டுல குரல் உடையுதே, அதை எப்படிங்க கொண்டுவந்தீங்க?" என்று பேட்டியெடுக்க வந்தவர் கேட்டபோது, கண்ணாடிக் கடைக்காரர் ஒரு மூக்குக்கண்ணாடியின் திருகை முறுக்கிக்கொண்டிருந்தார். திருகு கைநழுவி மேசைக்கடியில் உருண்டது. தேடுகிற சாக்கில் அவரும் மேசைக்கடியில் போய்விட்டார். பதில் சொன்னது அவருடைய தங்கை புருஷன்.

"அதை மச்சானைத்தான் கேக்கணும். நான் சும்மா வாயைத் திறந்தேன். அழ வச்சது அவரு."

பேட்டிக்காரருக்கு இது தத்துவமாகப் பட்டது, குறித்துக்கொண்டார். 'நவீன மனிதனின் மின்சாரத் தனிமை' என்று தலைப்பை முடிவு செய்துகொண்டுதான் வந்திருந்தார். ஆல்பத்தை முழுசாகக் கேட்டாரா என்பது அவருக்கும் அவர் மனசாட்சிக்கும் இடையிலான விவகாரம்.

அந்தத் தனிமைக்குப் பங்காளிகள் இருவர். வாரநாட்களில் ஒருவர் கண்ணாடி விற்றார், இன்னொருவன் லிஃப்ட் பழுது பார்த்தான். ஞாயிறுதோறும் கடைக்குப் பின்னால், கண் பரிசோதிக்கும் இருட்டறையில் சேர்ந்து சோகம் தயாரித்தார்கள். கடைக்காரரான மச்சான் சிந்தசைசர் என்கிற மின்னணு கீபோர்டு வாசிப்பார். மாப்பிள்ளை சுவரிலிருந்த எழுத்து அட்டையை வெறித்தபடி பாடுவான். முதல் ஆல்பம் வந்தபோது இருவருக்கும் குடும்பத்தில் ஒரு குறையும் இல்லை. அந்தச் சோகத்தை நாற்பது பேர் கேட்டார்கள், பாதிப்பேர் சொந்தக்காரர்கள். இரண்டாவது ஆல்பம் பாதியில் நின்றபோதுதான் தங்கை, தன் புருஷனோடு சண்டை போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை பாடியதைக் கேட்டு அண்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. தங்கைக்காக அவர் வருத்தப்படாமல் இல்லை. அது இரண்டாவதாக வந்தது, அவ்வளவுதான்.

பத்தாம் நாள் அவள் சொன்னாள்: "போதும்ண்ணே. வந்து கூப்பிடச் சொல்லு, போயிடறேன். நானா போன் பண்ண மாட்டேன், எனக்கும் ரோஷம் இருக்கு."

"சொல்றேம்மா."

மூன்று பாட்டு பாக்கி இருந்தது, ஏழாவதும் அதில் ஒன்று. மூன்றே ஞாயிறு. ரெண்டு பேருக்கும் கோபம் ஆறட்டுமே என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். கல்நெஞ்சக்காரர் என்று சொல்லிவிட முடியாது. அந்த மூன்று வாரமும் தங்கைக்கு மறக்காமல் திராட்சை வாங்கிப்போனார்.

கடைசிப் பாட்டு முடிந்த அன்று சொல்லிவிடுவதாக இருந்தார். அதற்குள் அவள் தன் ஆபீசில் வேறு ஊருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டாள். இனிமேல் சொன்னால் மூன்று வாரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. ஆல்பம் வெளிவந்தது, ஊரே உருகியது.

பேட்டிக்காரர் போனதும் மாப்பிள்ளை கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். "அவ நாளைக்குக் கிளம்பறாளாமே மச்சான்?"

"ம்."

"பாட்டு வந்தாச்சுன்னு மட்டும் சொல்லுங்க. கேக்கணும்னு இல்ல."

மதியம் வீட்டுக்குப் போனபோது தங்கை பெட்டிமேல் முழங்காலை ஊன்றி மூடியை அமுக்கிக்கொண்டிருந்தாள். மூடவில்லை.

"ஏழாவது பாட்டைக் கேட்டேன்," என்றாள் திரும்பாமலே. "உன் மாப்பிள்ளைக்கு நல்லா நடிக்க வருதுண்ணே. வந்து கூப்பிடச் சொல்லி நீதான் போய்ச் சொன்னியே. அவ்வளவு வருத்தம் இருக்கறவரு வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

பெட்டியை அமுக்க உதவுவதற்காக நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டார். பிறகு போய்ப் பாட்டுப் பதிகிற லேப்டாப்பை எடுத்துவந்து பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தார்.

"இன்னொரு தடவை கேளு."

"எதுக்கு?"

"ஊரு கேட்டது வெட்டுனது. இது வெட்டாதது."

ஹெட்போனை அவளே வாங்கி மாட்டிக்கொண்டாள். அவருக்கு வெளியே ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. ஆரம்பத்தில் அவர் வெட்டியெறிந்த ஒன்பது வினாடி அவருக்கு மனப்பாடம். ஒரு செருமல். நாற்காலி கிறீச்சிடும். 'அவ என்னைப் பத்தி எதாவது கேட்டாளா மச்சான்?' கொஞ்சம் மௌனம். அப்புறம் அவருடைய குரலே, அந்த ஆல்பத்திலுள்ள எதையும்விடத் துல்லியமாக: 'இல்ல மாப்ள. நீ பாடு.'

திரையில் கோடு நகர்ந்தது. ஏழு, எட்டு, ஒன்பது. தங்கையின் கண் திரையை விட்டு மெல்ல அவர் முகத்துக்கு வந்து நின்றது. ஊன்றிய முழங்கால் எப்போது விலகியதென்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டியின் மூடி தானாக மேலெழுந்தது, உள்ளே அமுங்கிக்கிடந்த துணிகள் ஒவ்வொன்றாக மூச்சுவிடத் தொடங்கின. அவள் ஹெட்போனைக் கழற்றவில்லை. பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.