தொடையெலும்பின் சராசரி

விலங்கியல் துறையின் புதைபடிவ ஆய்வகத்தில் இருந்த ஐந்து கோடி வருடப் பழமையான விலங்கு தன் பின்னங்கால்களை மெல்லக் குறைத்துக்கொண்டு வந்தது. ஓநாய் உயரமிருந்த அந்தப் பிராணி, கரையில் நடந்து திரிந்து பின்னாளில் தண்ணீருக்குள் இறங்கித் திமிங்கிலமாகிப்போன குலத்தைச் சேர்ந்தது என்று பாடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த வேலையை அது இன்னும் முடிக்கவில்லை என்பதை மட்டும் ஒருவரும் கவனிக்கவில்லை. காரணம், சராசரி. எந்த எலும்பையும் மூன்று பருவங்களில் அளந்து சராசரியைத்தான் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். முதல் அளவைவிட மூன்றாம் அளவு குறைந்தால் மாணவருக்குக் கை நடுங்குகிறது என்று அர்த்தம். இப்படிப் பல தலைமுறைக் கைநடுக்கக்காரர்கள் பட்டம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சட்டம் போட்டவர் பேராசிரியர். படிக்கிற வயதில் கல்குவாரியில் வழுக்கி விழுந்தவர், எழுந்தபோது கையில் இந்த விலங்கின் தொடையெலும்பு இருந்தது. அன்றிலிருந்து அவருக்குத் தொடையெலும்பு என்றே பெயர். கால் உள்ள திமிங்கிலத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையால்தான் துறைக்குத் தனிக் கட்டடமே வந்தது. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் அந்தக் கால்தான் காரணம் என்று மாணவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை.

தையற்காரியின் மகள் ஒருத்தி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். அளந்ததை அளந்தபடியே எழுதினாள். ஆய்வேடு இரண்டு முறை திரும்பி வந்தது; மூன்றாம் முறையும் வந்தால் அவள் இடம் போய்விடும்.

"சராசரி போடும்மா. போட்டுட்டுப் பட்டத்தை வாங்கிட்டுப் போயிட்டே இரு" என்றார் தொடையெலும்பு.

அம்மாவுக்குப் போன் செய்தால் அங்கேயும் அதே பாட்டுதான். "துணி தோய்ச்சா சுருங்கும். கல்லு எப்படிடி சுருங்கும்? சார் சொல்றபடி எழுதிட்டு வந்து சேரு."

அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. இருந்தும், கண்ணால் பார்த்ததை இல்லையென்று எழுதக் கை வரவில்லை. பார்க்க ஓர் ஆள் இருப்பது தெரிந்ததும் விலங்கும் கூச்சத்தை விட்டது. மூக்குத்துளை நெற்றியை நோக்கி நகர்ந்தது. வாலில் புதிது புதிதாக எலும்புகள் சேர்ந்தன. வால் மேசையைத் தாண்டியபோது யாரோ ஒரு முக்காலியை ஒட்டிப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போனார்கள்.

ஒரு மத்தியானம், அவள் பிடிவாதத்துக்கு முடிவுகட்டத் தொடையெலும்பு தன் அறையிலிருந்து ஓர் அச்சை எடுத்துவந்தார். அந்த எலும்பு கிடைத்த வருடமே பிரதியெடுப்பதற்காக அதன்மேல் பிளாஸ்டர் ஊற்றி அவர் கையாலேயே செய்த அச்சு. எலும்பு அதில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டால் அவள் வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது பேச்சு. எலும்பை எடுத்து வைத்தார். அது பெரியவர் செருப்பில் குழந்தை கால் விட்டதுபோல் ஒரு மூலையில் கிடந்தது. அச்சைச் சாய்த்தார். எலும்பு கடகடவென்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் உருண்டது.

அவர் முக்காலியில், வாலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்தக் காலை வெச்சுத்தாம்மா நான் இவ்வளவு தூரம் வந்தேன்" என்றார். அவளுக்கு ஜெயித்த சந்தோஷம் வரவில்லை, பாவமாக இருந்தது.

"அதுவும் உங்களுக்காக ரொம்ப நாள் நடந்திருக்கு சார்" என்றாள். "இனிமே அதுக்குக் கால் வேணாம்."

அவர் எலும்பை எடுத்து விலங்கின் இடுப்போரம் அதன் இடத்திலேயே திரும்ப வைத்தார். பிறகு, "சராசரி போடாதே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளியூர்ப் பேராசிரியர் விலங்கை ஒரு சுற்றுச் சுற்றிவந்து, கால் எங்கே என்று கேட்டார். போய்விட்டது என்றாள். தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வாரம் தொடையெலும்பு தன் சொந்தச் செலவில் மேசை இருந்த இடத்தில் ஒரு தொட்டி கட்டினார். விலங்கை அதில் இறக்கியதும், அது இருந்த இடத்தைவிட்டு நகர்ந்து எதிர்ச் சுவர் வரை போய்த் திரும்பியது.

தையற்காரியின் மகள் இப்போது அங்கேயே பாடம் நடத்துகிறாள். விலங்கு விடும் மூச்சில் தொட்டிக்கு மேலே கூரை எப்போதும் ஈரமாக இருக்கிறது. கட்டடப் பிரிவினர் வருடந்தோறும் வந்து வெள்ளையடித்துவிட்டுப் போகிறார்கள். ஓய்வு பெற்றுவிட்ட தொடையெலும்பு தினமும் காலையில் வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கையால் தண்ணீரின் சூட்டைத் தொட்டுப் பார்க்கிறார். கொஞ்சம் குளிர்ந்திருந்தாலும் அவளைத் திட்டுகிறார்.