தண்ணீருக்கு வந்த பரம்பரை நோய்

எங்கள் பேராசிரியருக்கு ஆய்வுக்கூடத்தில் நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. பேசுவார், பேசுவார், பேசிக்கொண்டே இருப்பார். நாம் சொல்வது மட்டும் அவர் காதில் ஏறாது. எல்லாம் திமிர் என்று நினைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு காலம் தள்ளினேன்.

நடுவயதில் பரம்பரையாகக் காது மந்தமாகும் குடும்பங்களைப் பற்றியது எங்கள் ஆராய்ச்சி. நோயாளிகளின் ரத்தத்திலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, கோடிக்கணக்கில் நகலெடுத்து, எழுத்தெழுத்தாகப் படிப்போம். காது சம்பந்தப்பட்ட ஒரு மரபணுவில், யாரும் பார்த்திராத மாற்றம் ஒன்று எல்லா நோயாளிகளிடமும் லேசாகத் தெரிந்தது. ரேடியோவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வெள்ளிக்கிழமை குடும்பங்களை எல்லாம் அழைத்து, காரணம் கிடைத்துவிட்டது என்று அறிவிக்க ஏற்பாடு செய்துவிட்டார். என் முனைவர் பட்டமும் அந்த மாற்றத்தை நம்பித்தான் இருந்தது.

வியாழனன்று, யாரும் சீந்தாத ஒரு குழாயின் முடிவைத் திறந்தேன். சோதனையில் கலப்படம் இல்லையென்று உறுதிசெய்ய அதில் விட்டது வெறும் தண்ணீர். எதுவும் தெரியக் கூடாது. தெரிந்தது. தண்ணீருக்கும் பரம்பரைக் காது நோய்!

யாருடைய டி.என்.ஏ.வோ எல்லாக் குழாய்களிலும் விழுந்திருக்கிறது. இப்படிப்பட்ட சந்தேகத்துக்காகவே எங்கள் எல்லோருடைய டி.என்.ஏ. விவரமும் கணினியில் இருக்கும். ஒப்பிட்டால், அச்சு அசல் ரேடியோ. முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, திறந்த குழாய்களின் மேல் குனிந்து அவர் பொழிந்த அறிவுரையெல்லாம் எச்சிலோடு உள்ளே போயிருக்கிறது.

சொன்னால் என் பட்டம் போச்சு. சொல்லாவிட்டால் அந்தக் குடும்பங்கள் ஒரு பொய்யை வீட்டுக்கு எடுத்துப் போகும். மறுநாள் காலை அரங்கின் வாசலில் அவரைப் பிடித்தேன்.

"சார், அந்த மாற்றம் நோயாளிங்களோடது இல்ல. உங்களோடது."

முதுகைக் காட்டிக்கொண்டு மைக் வயரைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார்!" என்று கத்தினேன். திரும்பவில்லை. கோபம் தலைக்கேற, முன்னால் போய் நின்றேன்.

"என்னம்மா?" என்றவர் என் உதடுகளையே பார்த்தார். என் கோபம் சட்டென்று வடிந்துவிட்டது.

மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னேன். ரேடியோ மைக் வயரைக் கீழே வைத்தார்.

"எங்கப்பாவுக்கும் இந்த வயசுலதான் ஆரம்பிச்சுது" என்றார். "வீட்ல டிவி சத்தத்துக்குத் தினமும் சண்டை. என் பொண்டாட்டிக்குத்தான் பாம்புக் காதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

மேடையேறிய அவர் எதையும் மூடி மறைக்கவில்லை. "உங்க நோய்க்குக் காரணம் இன்னும் கிடைக்கல. தப்பு என்னோடது. என் எச்சில் விழுந்து, என் நோயைத்தான் நான் கண்டுபிடிச்சிருக்கேன் போல."

யாரோ களுக்கென்று சிரிக்க, அது எல்லோருக்கும் தொற்றிக்கொண்டது. ரேடியோவும் சிரித்தார். இந்த முறை முகக்கவசத்தோடு முதலிலிருந்து தொடங்குவோம் என்று சொல்லச் சொல்லி, மைக்கை என் கையில் கொடுத்தார்.

முன்வரிசையில், காதுக்கருவி மாட்டிய தையல்காரர் ஒருவர் பக்கத்து நாற்காலியிலிருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இங்க வந்து உக்காருங்க சார்" என்று கையைக் காட்டினார். "முன்னாடி இருந்தாதான் நமக்குக் கேக்கும்."