டுட்டா பிரபுவான கதை

எங்கள் ஊர் டுட்டா பிறவிக் குடியானவன். முப்பது வருடம் ஏர் பிடித்தும் பன்றி வளர்த்தும் ஐந்து ஹைடு நிலம், அதாவது ஐந்து குடும்பம் பிழைக்கிற அளவு, சேர்த்துவிட்டான். அவ்வளவு நிலத்தோடு சொந்தமாக ஒரு தேவாலயமும், கோட்டை வாசலும், மணிக்கூண்டும் இருந்தால் குடியானவனும் பிரபுவாகலாம் என்பது எங்கள் வெஸெக்ஸ் நாட்டு வழக்கம். மூன்றையும் ஒரே கோடையில் கட்டி முடித்தான்.

பக்கத்து ஊர் ஓஸ்லாக் பரம்பரைப் பிரபு. அந்த வழியாகப் போகும்போதெல்லாம் குதிரையை நிறுத்துவார்.

"வாசல் பிரமாதம்டா டுட்டா. சாணி நாத்தம்தான் தாங்கல."

"அது இப்ப உங்க குதிரை போட்டதுங்க" என்பான் டுட்டா, பணிவாக.

மணி சும்மா தொங்குவானேன் என்று அவன் மனைவி எட்கிவா, காட்டில் மேயும் பன்றிகளைத் தீனிக்கு அழைக்கத் தினமும் அதை அடித்தாள். வயலில் நின்ற டுட்டாவோ, பெண்டாட்டிக்குப் பக்தி முற்றிவிட்டது என்று சிலுவை போட்டுக்கொள்வான்.

அறுவடை முடிந்ததும், எங்கள் வட்டாரத்தை ஆண்டு பிரபுப் பட்டம் தருகிற பெரும்பிரபு, கட்டியதையெல்லாம் நேரில் பார்க்க வந்தார். வேடிக்கை பார்க்க ஓஸ்லாக்கும் கூட வந்தார். வரவேற்க டுட்டா மணிக்கயிற்றைப் பிடித்தான்.

"ஏங்க, வேணாங்க, அது வந்து..."

"பிரபு வீட்டம்மா மாதிரி கம்முனு நில்லுடி!"

மணி அடித்தது. காடே கிளம்பி வந்ததுபோல் நாற்பது பன்றிகள் புது வாசல் வழியாகப் பாய்ந்தன. ஓஸ்லாக் சேற்றில் மல்லாந்தார். டுட்டாவுக்கு உயிரே போய்விட்டது. முப்பது வருட உழைப்பும் பன்றிக் காலில் மிதிபட்டதே!

பெரும்பிரபு விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நான் மணியடிச்சா என் ஆளுங்க வந்து சேர மூணு நாளாவுது. இங்க பாருங்கய்யா! டுட்டா, இனிமே நீரும் பிரபுதான். போர்னா குதிரையோட வந்து நிக்கணும், ஆமா."

கிறிஸ்துமஸ் விருந்துக்கு அவர் மண்டபத்தில் டுட்டாவுக்கும் இடம் கிடைத்தது. கதவோரம், கடைசி இருக்கை. மறுநாள் இருமிக்கொண்டே வீடு திரும்பினான்.

"எப்படிங்க இருந்துச்சு?" என்றாள் எட்கிவா.

"ஒரே குளிர். கறித்தட்டு எங்கிட்ட வர்றதுக்குள்ள வெறும் எலும்புதான் மிச்சம்."

"அப்புறம் எதுக்கு இந்தச் சிரிப்பு?"

"தட்டை எனக்கு நீட்டினது யாரு தெரியுமா? ஓஸ்லாக்குடி!"